பார்த்ததைச் சொன்னவர்

செய்தி வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறை வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். எங்கள் கல்லூரியில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை என்பதால் வெளி ஆள் என்று தெரிந்தது.

“டீச்சர், நான் சைக்கிள் ஸ்டாண்டு சிக்கந்தர் மக. நூர்ஜகான். அத்தா விடியக்காலம் மவுத்தாயிட்டாக.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றாள்.

“எனக்குச் சொல்லச் சொன்னாகளா?”

“ஆமா டீச்சர். ‘நான் போயிட்டா டீச்சரம்மாவுக்குத் தகவல் சொல்லிரு’ன்னு போன மாசமே சொல்லிட்டாக. வேற ஒன்னுஞ் சொல்லல.”

அவள் போனதும் பக்கத்து மேசை ஆசிரியை தலையை நிமிர்த்தினார். “யாரு, நம்ம விரல் பாயா? அடடா, தமாஷான மனுஷன்.” பிறகு தம் வேலையைப் பார்த்தார்.

இந்த இதழின் ஆசிரியரும் ஏறக்குறைய அதே சொற்களைச் சொல்லித்தான் என்னிடம் கட்டுரை கேட்டார். காரைக்குடியில் செக்காலைப் பக்கம் சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் அவரைத் தெரியும், அஞ்சலியைச் சுவையாக எழுதுங்கள் என்றார். சுவையாக எழுத எனக்கு வராது. தெரிந்ததை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக: ஜனாப் சிக்கந்தர் அவர்கள் கடைசிப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் செக்காலையில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு சைக்கிளையும் நிறுத்தியதும் அதை நோக்கி வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி, “நம்பர் இருபத்தேழு, பூட்டியாச்சு!” என்று உரக்கச் சொல்வார். விரல் பாய் என்ற பெயர் அதனால் வந்தது. அதற்கு முன்னால் மருதங்கண்மாய் ரோடு ஸ்டேஷனில் ரயில்வே கேட்கீப்பராக இருந்தார் என்பது சிலருக்குத் தெரியும். அங்கே ஒரு வண்டிக்காரர் சாகக் காரணமாக இருந்து வேலையை இழந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைக்கிறார்கள்.

மருதங்கண்மாய் என் ஊர். ஸ்டேஷன் அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி, செம்மண் பொட்டலில் நிற்கிறது. தண்டவாளம் போட்ட காலத்தில் ஊரை ஒட்டியே ஸ்டேஷன் கட்டத்தான் அளந்தார்களாம். என் தாத்தாவும் அவர் வயதுக்காரர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. புகையில் பயிர் கருகும், கண்மாய்க் கரை அதிரும், கண்டவனும் ஊருக்குள் வந்து இறங்குவான் என்று சொல்லி, ஒன்றும் விளையாத எங்கள் பொட்டலைக் கொடுத்து அங்கே கட்ட வைத்தார்கள். அந்தப் பொட்டலைக் கொடுத்ததை எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொடை என்று சொல்லிவருகிறது. கொடைக்குப் பலனாக ஒரு வழக்கமும் ஏற்பட்டது. எங்கள் வீட்டு வண்டி வந்தால், ரயில் வரும் நேரமானாலும், கேட் திறந்துவிடப்படும். முன்பு இருந்த கேட்கீப்பர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். யாரும் அதைத் தவறு என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் சிக்கந்தர் பாய் மாற்றலாகி வந்தார். அப்போது நான் என் மூத்த அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, காரைக்குடிக் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்க நாள்தோறும் ரயிலில் போய்வந்தேன். கேட்கீப்பரின் அறை பிளாட்பாரத்தின் கோடியில் இருந்தது. அதன் பக்கத்து வேப்பமரத்தடியில்தான் நாங்கள் வண்டிக்குக் காத்திருப்போம். ஸ்டேஷனில் மணி அடித்ததும் பாய் எழுந்து இரண்டு பக்கக் கதவையும் மூடிச் சங்கிலியைப் போடுவார். சாவியை இடுப்பு பெல்ட்டில் மாட்டுவார். பிறகு, கை இறங்கினால் வண்டி வருகிறது என்று காட்டும் சிக்னல் மரம் உட்பட, ஒவ்வொன்றாக விரலை நீட்டுவார்.

“கேட்டு மூடியாச்சு! பூட்டியாச்சு! கைகாட்டி எறங்கியாச்சு! லைன்ல ஆளில்ல!”

காரைக்குடிக்குக் காய்கறிக் கூடை கொண்டுபோகும் பெண்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. ஒருத்தி கேட்டாள்: “பாய், எங்க வீட்டுக்காரரு மூனு நாளா வீட்டுக்கு வரல. உங்க விரல நீட்டி ஒரு சத்தம் குடுங்க, வாறாரான்னு பாப்பம்.”

பாய் சிரிக்காமல் கைகாட்டி மரத்தைப் பார்த்தார். “லைன் கிளியர் இல்ல தாயி. அங்குட்டு எவளோ கைய எறக்கிவிட்டுட்டா.”

அன்று முழுவதும் ரயில் பெட்டியில் அவளை யாரும் பேசவிடவில்லை.

நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஒருநாள் கேட்டேன். “யாருக்குப் பாய் சொல்றீக? கேக்குறதுக்கு ஆளே இல்லையே.”

“எனக்குத்தான் டீச்சரம்மா. கண்ணு ஏமாத்தும். கைய நீட்டி வாயத் தொறந்து சொல்லும்போது பொய் சொல்ல வராது.”

இந்தக் கருத்தின் பிற்பகுதி சரியல்ல என்பதைப் பின்னால் நானே மெய்ப்பித்தேன்.

அந்தப் பழக்கத்தை எங்கே கற்றார் என்பதை வண்டி தாமதமான பல காலைகளில் துண்டு துண்டாகச் சொன்னார். பதினைந்து வயதில் மலேயாவுக்குப் போய் ஒரு சிறு ஸ்டேஷனில் போர்ட்டராகச் சேர்ந்திருக்கிறார். ஜப்பான்காரர்கள் வந்ததும், சயாமில் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதைக்கு அவரையும் மற்றவர்களோடு கொண்டுபோனார்கள். அங்கே ஓனோ என்ற ஜப்பானியர் ஒருவரின் கீழ், வண்டியைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட் போடும் வேலை. ஓனோ பட்டாளத்துக்காரர் அல்ல. தம் நாட்டில் ஒரு சிறு நகரத்து ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். முதல் நாள், பாயிண்ட் பூட்டியாயிற்றா என்று அவர் கேட்டபோது இவர் தலையை ஆட்டியிருக்கிறார்.

“பளார்னு ஒரு அறை. அப்பறம் என் விரலப் புடிச்சு நீட்டி வச்சான். வாயத் தொறன்னு சைகை காட்டுனான். அன்னைக்குத் தொறந்த வாய் டீச்சரம்மா.”

ஓய்ந்த நேரங்களில் ஓனோ குச்சியால் சேற்றில் கோடு போட்டுத் தம் ஸ்டேஷனைக் காட்டுவாராம். அதன் வரலாற்றை பாய் எனக்குச் சொல்ல, நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். அந்த ஊரார் பட்டுப்பூச்சி வளர்ப்பவர்கள். ரயில் புகையில் பூச்சி செத்துவிடும் என்று பயந்து, ஸ்டேஷனை ஊருக்கு வெளியே வயல்காட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு கடையாக ஸ்டேஷன் பக்கம் நகர்ந்து, கடைசியில் ஊரே அங்கே வந்துவிட்டது. ஒரு பனிக்காலத்தில் வண்டி நகர முடியாமல் நின்றபோது, ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்துப் பெஞ்சுகளை உடைத்து அடுப்பெரித்துப் பயணிகளைக் காப்பாற்றினார். மரக் கட்டடம் ஒரு முறை தீப்பிடித்தது. ஊரார் உள்ளே ஓடிச் சுவர்க் கடிகாரத்தை மட்டும் தூக்கிவந்தார்கள். புதிய கட்டடத்திலும் அதே கடிகாரம்தான்.

நான் எளிதில் நம்புகிறவள் அல்ல. ஊரின் பெயரை பாய் மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னார். தீயிலிருந்து தூக்கிவந்தது ஒரு தடவை கடிகாரம், இன்னொரு தடவை டிக்கெட் அலமாரி. நூலகத்தில் தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை. புகைக்குப் பயந்து ஸ்டேஷனைத் தள்ளிவைத்ததை மட்டும் கேட்டவுடன் நம்பினேன். அதற்கு என் தாத்தா ஆதாரம்.

அந்த ஸ்டேஷனில் ஒருமுறை விபத்து நடந்ததாம். பாயிண்ட்காரர் பார்த்தார், பக்கத்தில் நின்றவரும் பார்த்தார், இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள், தப்பான பாதையில் வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகுதான் விரலை நீட்டிச் சொல்கிற பழக்கம் வந்தது என்று ஓனோ சொன்னாராம். “பாத்தது பத்தாது. பாத்ததச் சொல்லணும்.” இதை மட்டும் பாய் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொன்னார்.

ஓனோ அங்கேயே காலராவில் இறந்துபோனாராம். அப்போது அழுதீர்களா என்று கேட்டேன். “அழுகையா? அந்த லைன்ல நம்ம ஆளுக எத்தன பேரப் பொதச்சேன் தெரியுமா? அவனுக்கு எங்க அழுக?” பிறகு, “ஆனா சொல்லிக்குடுத்தத ஒழுங்காச் சொல்லிக்குடுத்தான்” என்றார்.

மருதங்கண்மாய்க்கு வந்த முதல் வாரமே பாய் எங்கள் வீட்டுக் காரைக் கேட்டில் நிறுத்திவிட்டார். அண்ணன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். பாய் காரை நோக்கி விரலை நீட்டி, “கார் நிக்குது!” என்றார். காய்கறிக்காரிகள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் அதை மறக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணன் மகளுக்கு நிச்சயம் பண்ணத் திருப்பத்தூர் போனோம். மாப்பிள்ளை வீட்டார் அங்கே. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். அண்ணன் காரை ஓட்டினார், பக்கத்தில் மதினி. நான் பின்னால், மடியில் சீர்த்தட்டோடு. வீட்டில் கிளம்பத் தாமதமாகிவிட்டது. கேட்டுக்கு வந்தபோது அது மூடியிருந்தது.

“யோவ் பாய், தொற.”

“கைகாட்டி எறங்கிருச்சுங்க. வண்டி போகட்டும். அஞ்சு நிமிசம்.”

“அஞ்சு நிமிசம் நின்னா ராகு காலம் வந்துரும்யா. எங்க வருது வண்டி?”

பாய் விரலை நீட்டினார். “அந்தா, புகை.”

“அது எங்கிட்டோ தூரத்துல கெடக்கு. எங்க தாத்தா குடுத்த எடத்துல எங்களயே நிப்பாட்டுறியா?”

“எடம் உங்க தாத்தா குடுத்ததுதாங்க. வண்டி அவுக சொன்னா நிக்காது.”

அண்ணன் இறங்கினார். பெரிய உடம்பு. ஒரு கையால் பாயைத் தள்ளி, மறு கையால் பெல்ட்டோடு சேர்த்துச் சாவியை இழுத்தார். இரண்டு பூட்டையும் திறந்து, இரண்டு பக்கக் கதவையும் அகல விரித்தார். பாய் அவர் சட்டையைப் பிடித்தார். மறுபடியும் தள்ளப்பட்டுக் கீழே விழுந்தார். எழுந்தவர் காரைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் கைகாட்டி மரத்துக்கு நீட்டிய அதே விரலைப் பின் கதவுக் கண்ணாடி வழியாக என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பூட்டத் தொறந்தது நானில்ல! டீச்சரம்மா பாத்தாக! டீச்சரம்மா பாத்தாக!”

அதற்குள் அண்ணன் காரில் ஏறி ஓட்டிவிட்டார்; கார் தண்டவாளத்தின் மேல் ஏறியிருந்தது. இனி கேட்டை மூட முடியாது. பாய் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ரயில் வரும் திசையில் ஓடினார். எங்களுக்குப் பின்னால் விறகு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வெகுநேரமாகக் காத்து நின்றது. வண்டிக்காரர் கருப்பையா எங்கள் பக்கத்து ஊர்க்காரர். திறந்த கேட்டையும் அதில் போகும் பெரியவீட்டுக் காரையும் பார்த்து, மாடுகளைத் தட்டிவிட்டார். வேறு எவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

விசில் சத்தம் நீளமாகக் கேட்டது. பிறகு வேறு சத்தம்.

“திரும்பாத. நல்ல காரியத்துக்குப் போறோம்” என்றார் அண்ணன். நான் ஏற்கெனவே திரும்பியிருந்தேன்.

பத்தரைக்குள் தட்டு மாற்றினார்கள். எனக்கு ஒரு கிண்ணம் கேசரி கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

கருப்பையாவும் ஒரு மாடும் இறந்துபோனார்கள். விசாரணையில் அண்ணன் சொன்னது இது: நாங்கள் வந்தபோது கேட் திறந்துதான் இருந்தது, கேட்கீப்பர் இல்லை, வெள்ளிக்கிழமை அல்லவா, தொழுகைக்குப் போயிருப்பார். காலை பத்து மணிக்கு எந்தப் பள்ளிவாசலிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகை கிடையாது. அதை யாரும் கேட்கவில்லை. கொடியோடு ஓடியது, வேலை இடத்தை விட்டு அகன்றதாக ஆயிற்று. பாய் ஒரே ஒரு சாட்சியின் பெயரைத்தான் கொடுத்தார்.

விசாரணைக்கு முதல் நாள் மாலை அண்ணன் என் அறைக்கு வந்தார். “நான் படிக்க வச்ச படிப்பு. அதவச்சு எனக்கெதிராச் சொல்லணும்னா போயிச் சொல்லு. நிச்சயம் பண்ணுன பிள்ளை வீட்டோட கெடப்பா. அதயும் பாத்துக்க.” கோபமாகச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் ஸ்டேஷன் பயணிகள் அறையில் அதிகாரி கேட்டார்: “நீங்கள் பார்த்தபோது கேட் மூடியிருந்ததா, திறந்திருந்ததா?” பாய் எதிர்ச் சுவர் ஓரமாக, சலவை செய்த சட்டையில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கவலையே இல்லை. நான் உண்மையைச் சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

“நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை” என்றேன்.

காரில் புத்தகம் எதுவும் இல்லை.

வெளியே வந்தபோது பாய் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார். “பாக்குறது எல்லாருந்தான் பாக்குறாக டீச்சரம்மா” என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

வேலை போயிற்று. வீடும் போயிற்று. மனைவியையும் கைக்குழந்தை நூர்ஜகானையும் அழைத்துக்கொண்டு செக்காலைக்கு வந்தார். கருப்பையாவின் மனைவி காளியம்மாள் சைக்கிள் ஸ்டாண்டைத் தேடி வந்து, பத்துப் பேர் பார்க்க அவர் மேல் மண்ணை வாரி இறைத்தாள்.

“நான் கேட்ட மூடித்தான் வச்சிருந்தேன் தாயி.”

“மூடியிருந்தா எம் புருசன் எப்பிடிய்யா செத்தான்?”

இதை ஸ்டாண்டில் இருந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். அவரிடம் பதில் இருந்தது. சாட்சிதான் இல்லை. தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த சைக்கிளுக்கு விரலை நீட்டினாராம்.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆகவே அங்கே போக எனக்கு வேலை இல்லை. ஆனாலும் மூன்று முறை போனேன். மூன்று முறையும் எழுந்து நின்று சலாம் சொன்னார். மூன்றாம் முறை அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். “பாய், அந்த ஜப்பான் ஸ்டேஷன்ல தீயிலேர்ந்து தூக்கிட்டு வந்தது கடிகாரமா, அலமாரியா? எழுதலாம்னு இருக்கேன்.”

“அதெல்லாம் மறந்துருச்சு டீச்சரம்மா” என்றார். திரும்பி விரலை நீட்டினார். “நாப்பத்தொன்னு, பூட்டல!”

அவர் எதையும் மறக்கவில்லை. என்னிடம் சொல்ல விரும்பவில்லை. ஒரு சாட்சியாக என்னை அவர் சரியாகவே மதிப்பிட்டிருந்தார்.

சென்ற ஆண்டு ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஜப்பானிய ரயில் ஓட்டுநர் ஒருவர் சிக்னலை நோக்கி விரலை நீட்டி, வாயைத் திறந்து ஏதோ சொல்கிறார். ஆசிரியர் அறையில் அந்தப் பக்கத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். “ஒழுங்குன்னா இதுதான் ஒழுங்கு. நம்ம ஆளுகளுக்கு வருமா?” என்றார் ஒருவர். அவருடைய சைக்கிள் அப்போது பாயின் ஸ்டாண்டில்தான் நின்றது.

அடக்கத்தன்று தெருமுனையில் நின்றேன். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வேகமாக நடந்தார்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தெருவுக்குள் திரும்பிவிட்டார்கள். பார்ப்பது எனக்குப் பழக்கமான வேலை.

இந்தக் கட்டுரையை எழுத உட்காருவதற்கு முன் காளியம்மாளைத் தேடிப் போனேன். முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

“இத அன்னைக்கே சொன்னா என்ன?”

தரையில் சிதறியிருந்த புளியங்கொட்டைகளைப் பார்த்தேன்.

“ஒன்னும் பண்ணாத மனுசன் மேல என்னய மண்ண வாரிப் போட வச்சுட்டீகளேம்மா.” பிறகு மறுபடியும் கட்டையை எடுத்துக்கொண்டாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போனேன். மணி அடித்தது. இப்போது இருப்பவர் இளைஞர். கேட்டை மூடினார், பூட்டினார், கைகாட்டியை ஒருமுறை பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. வண்டி போயிற்று. எதுவும் நடக்கவில்லை. பெரும்பாலான நாட்களில் எதுவும் நடப்பதில்லை.

என் அண்ணன் நலமாக இருக்கிறார். இந்த இதழுக்குச் சந்தா கட்டுகிறவர், இதைப் படிப்பார். இதைத் துணிச்சல் என்று யாரும் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டிய நாளில் சொல்லியிருந்தால் அதற்கு அந்தப் பெயர் பொருந்தியிருக்கும். இப்போது இதனால் பாய்க்கு வேலை திரும்ப வராது, காளியம்மாளுக்குப் புருஷன் வரமாட்டார். சிக்கந்தர் பாய் எனக்கு மட்டும் தனியாகத் தகவல் சொல்லச் சொன்னது ஏன் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். அதற்கு ஆதாரம் இல்லை. மணி அடித்துவிட்டது, உங்கள் வேலையைப் பாருங்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

கேட் மூடியிருந்தது. பூட்டியிருந்தது. கைகாட்டி இறங்கியிருந்தது. பூட்டைத் திறந்தது சிக்கந்தர் பாய் அல்ல, என் அண்ணன். நான் பார்த்தேன்.

போய்வாருங்கள், பாய்.